பின்னிருக்கையில் ஒரு ஆள்

அனிட்டா என்ன வேலை பார்க்கிறாள் என்பது தியாகதுருகத்தில் எங்கள் தெருவுக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. அடுத்த வீட்டுக்காரன் என்ற தோரணையில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்ததால், வாயைத் திறந்து யாரையும் விசாரிக்க முடியவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் வீட்டு முன்னறையில் விளக்கு எரியும். ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டைப் பாறை பனியில் பாதி கரைந்து நிற்கும். அனிட்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல் ஓயாமல் டைப் அடித்துக்கொண்டிருப்பாள். பேச்சு சத்தமே இருக்காது. மதியம் ஒரு மணிக்கு எழுந்து முகம் கழுவுவாள். அப்போது அவள் கண்களைப் பார்த்தால் எங்கேயோ வெகுதூரம் போய்விட்டு அப்போதுதான் ஊர் திரும்பியவள் மாதிரி இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு கம்பெனிண்ணா. வூட்டு வண்டி வாடகைக்கு உடுறாங்க. அத எடுத்துக்கினு போறவங்க வழியில எதுனா சந்தேகம் வந்தா எழுதிக் கேப்பாங்க. நா பதில் எழுதுவேன். இங்க விடியக்காலைன்னா கலிபோர்னியாவுல மொத நாள் சாயங்காலம்."

"வூட்டு வண்டியா? அது இன்னா?"

"வண்டிக்குள்ளயே கட்டிலு, அடுப்பு, பாத்ரூமு எல்லாம் இருக்கும்."

"சினிமாக்காரங்க கேரவன் மாதிரியா?"

"அது நிக்கிற வண்டி. இது போய்க்கினே இருக்கிற வண்டி."

என்ன கேட்பார்கள் என்று கேட்டேன். தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவை எங்கே கொட்டுவது, எந்த மலைப்பாதையில் பாலம் தாழ்வாக இருக்கிறது, எல்லாம் கேட்பார்களாம். எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிற கேள்வி ஒன்று இருக்கிறதாம். அங்கே பெரிய ரோடுகளில் ஓரமாக ஒரு லேன் தனியாக விட்டிருக்கிறார்கள். கார்பூல் லேன் என்று பெயர். ஒற்றை ஆளாகக் காரை ஓட்டிக்கொண்டு போகிறவன் நெரிசல் நேரத்தில் அதில் நுழையக்கூடாது. ரெண்டு பேரோ மூன்று பேரோ, பலகையில் போட்டிருக்கிற அளவுக்கு உள்ளே ஆள் இருந்தால் போகலாம். இந்த வீட்டு வண்டியோடு அந்த லேனில் போகலாமா, போலீஸ் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

"பஸ் அகலத்துக்கு இருக்கிற வண்டிய உடுவாங்களா?" என்றேன்.

"வண்டி பெருசா சின்னதான்னு பாக்க மாட்டாங்கண்ணா. ஆளுதான் கணக்கு. பின்னால இன்னொரு வண்டியக் கட்டி இழுத்துக்கினு போனாத்தான் கூடாது. நாய் ஆளு கெடையாது. பொம்மைய உக்கார வெச்சி ஏமாத்தக் கூடாது. வயித்துல இருக்கிற புள்ளையையும் அங்க சேக்க மாட்டாங்க. ஆனா தொட்டில் சீட்டுல பெல்ட்டு போட்டுத் தூங்குற கைப்புள்ள ஒரு ஆளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற சேலம் நாலு வழிச்சாலையில் கரும்பு டிராக்டர் எந்தப் பக்கமிருந்து எதிரே வரும் என்பது கரும்புக்கே தெரியாது. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் கடலுக்கு அந்தப் பக்கம் லேன் பிரித்துக் கொடுக்கிறாள். அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. ஸ்கூட்டி ஓட்டுவாள், அதுவும் கடைத்தெரு வரைக்கும். ஆனால் கலிபோர்னியாவில் எந்த வளைவு தாண்டினால் கடல் தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சில நாள் அதிகாலையில் கோட்டைப் பாறையைச் சுற்றிப் பனி இறங்கும்போது, அந்தப் பனிக்குள் வெள்ளை வெள்ளையாக வீட்டு வண்டிகள் சத்தமில்லாமல் மலையேறிப் போவதுபோல் தெரியும் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். எனக்கு மட்டும் என்னவாம், அன்றைக்கு முதல் நானும் அந்தப் பாறையைப் பார்த்தால் அதைத்தான் தேடுகிறேன்.

நான் கலையரசன். பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு, சாக்பீஸ், தேசப்படம் எல்லாம் சப்ளை செய்கிறவன். அதற்காக ஒரு பழைய ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் என் பங்கு அந்த வேன்தான். மற்றபடி நான் பார்த்தவன், அவள் சொல்லக் கேட்டவன்.

அந்த வீட்டில் இன்னொரு ரோடும் ஓடிக்கொண்டிருந்தது. அது உள்ளறையில் ஓடியது.

அனிட்டாவின் அப்பா சின்னப்பன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். கல்வராயன் மலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எந்த இடத்தில் ஆரன் அடித்தால் எதிரே வருகிறவனுக்குக் கேட்கும் என்று அறிந்தவர். ஓய்வு பெற்று ஐந்தாம் வருடம், மனைவி ஆனந்தமேரி இறந்து நாலாம் வருடம், பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அனிட்டா சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். முதலில் அவர் குழறிக் குழறிப் பேசினார். பேசியதை நாங்கள் எல்லோரும் இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டோம். மானஸ்தர். அதற்கப்புறம் பேசுவதையே விட்டுவிட்டார்.

கியர் போடுகிற கை போயிற்று. பிரேக் போடுகிற கால் தப்பித்தது. விடியற்காலையில் அவர் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது போர்வைக்குள் அந்த வலது கால் மெல்ல அழுந்தும், விடும், மறுபடி அழுந்தும். வலது கை வயிற்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். வெள்ளிமலை பஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். முன்னறையில் மகள் ஒரு மலைப்பாதையில், உள்ளறையில் அப்பா ஒரு மலைப்பாதையில். நடுவில் ஒரு கதவு, அதில் பூப்போட்ட திரை. எனக்கு அந்த வீட்டைப் பார்த்தாலே அது நகர்ந்து போய்க்கொண்டிருக்கிற மாதிரிதான் தோன்றும்.

சின்னப்பனிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்பட மாட்டோம். மூன்று பேர்தான் என்றால் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொள்வோம். அந்தக் கல் நாலாவது ஆள். இப்போது பலர் மறந்துவிட்டார்கள், நினைவிருக்கிறவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு செய்வதில்லை. சின்னப்பனுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. அவர், ஆனந்தமேரி, அனிட்டா என்று அந்த வீட்டில் எண்ணி மூன்றே பேர். கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்கப் போனாலும் கல், மகளைக் காலேஜில் சேர்க்கப் போனாலும் கல். பங்குச் சாமியார் ஒருமுறை, "இன்னா சின்னப்பா, கோயிலுக்குள்ளயும் கல்லா?" என்று கேட்டதற்கு, "அவரும் பூசை பாக்கட்டும் சாமி" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாராம்.

பஸ்ஸிலும் அப்படித்தான். மழைக்காலத்தில் அதிகாலை டிரிப்புக்கு ஒரே ஒரு ஆள் ஏறியிருப்பான். டிரைவர், கண்டக்டர், அந்த ஆள், மொத்தம் மூன்று பேர். சின்னப்பன் இறங்கிப் போய் ஒரு கல்லை எடுத்து வந்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தால்தான் வண்டி நகரும். கண்டக்டர் ராசு, "அண்ணா, அந்தாளுக்கு டிக்கெட்டு போடவா?" என்று கேலி செய்வாராம். இறங்கினதும் கல்லை எறியவும் மாட்டார். கூட வந்தவரை வழியில் விடுவது மரியாதை இல்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலை ஒட்டிய ஜன்னல் விளிம்பில் வைப்பார். வரிசையாக ஐம்பது அறுபது கற்கள் இருக்கும். எதற்கு இந்தக் குப்பை என்று நானே அவரைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

வீடு வீடாக ஆள் கணக்கெடுக்க இருசம்மாள் டீச்சர் வந்தார். காலை ஒன்பது மணி. அனிட்டா வேலையில் இருந்தாள். யாரோ ஒரு கலிபோர்னியாக்காரனுக்கு வண்டியில் அடுப்பு எரியவில்லை, அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். டீச்சர் கிரில் கதவுக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"வூட்ல எத்தினி பேரும்மா? இப்ப எண்ணிக்க மட்டும் சொல்லு. முழுசா எழுதிக்கப் பொறவு வர்றேன்."

"நா ஒருத்திதான் மேடம்" என்றாள் அனிட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது வாயில் பழகிப்போன பதில். தண்ணீர் கேன் போடுகிறவன் கேட்டாலும், கல்யாணத் தரகர் கேட்டாலும், சென்னை ஆபீசில் கேட்டாலும், "எல்லாத்துக்கும் நா ஒருத்திதான்" என்றுதான் சொல்வாள். அரிசி வாங்க ஒருத்தி, அப்பாவுக்குத் துணி மாற்ற ஒருத்தி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஒருத்தி. நாங்களும் அவளைப் பற்றி, "பாவம், ஒத்தையா கெடக்குது" என்றுதான் பேசுவோம். என் வாயாலும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இருசம்மாள் டீச்சருக்கு அந்தத் தெரு புதிது. நான் சப்ளை செய்த சாக்பீஸாலேயே கதவோரச் சுவரில் வீட்டு எண்ணைப் போட்டு, அதன் கீழே ஒன்று என்று எழுதிவிட்டுப் போனார்.

உள்ளறையில் சின்னப்பன் விழித்திருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றைக்கு மதியம் கஞ்சி கொண்டுபோனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஸ்பூனை உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. ராத்திரியும் திறக்கவில்லை. மறுநாள் நாக்கு நனைகிற அளவுக்குத் தண்ணீர் மட்டும் இறங்கியது. விடியற்காலையில் போர்வைக்குள் அந்தக் கால் அசையவில்லை. வெள்ளிமலை பஸ் நின்றுவிட்டது.

"இன்னாப்பா பண்ணுது? வவுறு வலிக்குதா? நெஞ்சு வலிக்குதா?" அனிட்டா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். மூன்றாம் நாள் நர்ஸ் எழில்மதி வந்து பார்த்தாள். வாரம் ஒருமுறை வந்து அவரைப் பார்க்கிற பெண். தொண்டையைத் தடவிப் பார்த்தாள், டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"தொண்டையில ஒண்ணும் இல்லக்கா. முழுங்க முடியுது. அவராத்தான் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா மூக்கு வழியா டியூப் போடணும். அதுக்கு மேல போனா நா ஒண்ணும் சொல்ல முடியாது."

அனிட்டா அன்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். "கெழவனுங்களுக்கு வீம்பு ஜாஸ்தி" என்று எதையோ உளறி வைத்தேன்.

நாலாம் நாள் விடிந்தது. அவள் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. ஐந்து மணிக்கு உட்கார்ந்தாள். ஆறரைக்கு ஒரு செய்தி வந்தது. கலிபோர்னியாவில் மாலை ஆறு, ரோடு நெரிந்துகொண்டிருக்கிற நேரம். எழுதியவள் ஒரு பெண். ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தாள். அனிட்டா அதை எனக்கு அப்படியே சொன்னாள், நானும் அப்படியே சொல்கிறேன்.

'நான் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறேன். பின்னால் சாய்விருக்கையில் என் அம்மா இருக்கிறார். பெல்ட் போட்டிருக்கிறேன். அவர் பேசுவதில்லை. கண்ணைத் திறப்பதில்லை. என்னை அடையாளம் தெரிவதும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் நான் ஒருத்தி மட்டும் இருப்பதாகத்தான் தெரியும். பலகையில் இரண்டு பேர் என்று போட்டிருக்கிறது. நான் அந்த லேனில் போகலாமா? அம்மா ஒரு ஆள்தானா?'

இதற்கு எழுதி வைத்த பதில் இருக்கிறது. வரிசை எண்ணைத் தட்டினால் அதுவாகவே போய்விடும். அனிட்டா தட்டவில்லை. தன் கையால் எழுதினாள். 'போகலாம். பின்னால் வேறு வண்டி எதையும் இழுக்கவில்லை என்றால் தாராளமாகப் போகலாம். அவர் பேச வேண்டியதில்லை. கண்ணைத் திறக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மா ஒரு ஆள். நீங்கள் இரண்டு பேர்.'

அனுப்பிவிட்டு அவள் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பெண் நன்றி எழுதினாள். அவள் வண்டி அந்த மாலை வெயிலில் ஓரத்து லேனுக்கு மாறி, நெரிசலைத் தாண்டி, அம்மாவும் மகளுமாக மிதந்து போவதை அனிட்டா பார்த்தாள். நிஜமாகவே பார்த்தேன் அண்ணா என்று சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே கோட்டைப் பாறையின் பனி விலகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் காதில் அவளுடைய குரலே விழுந்தது. நா ஒருத்திதான் மேடம்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசலுக்கு ஓடி, சுவரில் டீச்சர் ஒன்று என்று எழுதியிருந்ததை முந்தானையால் துடைத்தாள். உள்ளே ஓடினாள். கட்டில் காலடியில் உட்கார்ந்து அவருடைய வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அன்னைக்கு டீச்சர் கேட்டப்ப நா சொன்னது உன் காதுல உழுந்துச்சா? தப்பா சொல்லிட்டேன்ப்பா. நாம ரெண்டு பேருப்பா. நீயும் நானும் ரெண்டு பேரு."

சின்னப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்தது. வாய் திறக்கவில்லை.

அவள் டீச்சருக்குப் போன் செய்தாள். அவர் பதறிப்போய், "அய்யோ, திருத்திக்கலாம்மா, சனிக்கெழம வர்றேன்" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா காதருகே வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. நான்கு நாள் பசியில் கிடக்கிற மனுஷன் ஒரு பேச்சுக்கு மசிவாரா? சொன்னது ஊருக்கு முன்னால். மன்னிப்பு மட்டும் திரைக்குப் பின்னால் கேட்டால் எப்படி? இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கே தோன்றியிருக்கிறது. ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, உங்க வண்டி வேணும். அப்பாவ வெள்ளிமல ரோட்டுல கரியாலூர் வரைக்கும் இட்டுக்கினு போணும்."

"எழுந்து உக்கார முடியாதவர மலைக்கா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஆபீசுக்கு அவசரம்னு எழுதிட்டு வந்துட்டேன். எழில்மதியையும் கேட்டுட்டேன். மெதுவாப் போனா பரவால்லன்னு சொல்லிட்டா. வண்டியில வூடு கட்டலாம்ண்ணா."

வண்டியில் வீடு கட்டினோம். நோட்டுக் கட்டுகளையெல்லாம் இறக்கினேன். நடு சீட்டை எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்த்து, மெத்தையை மடித்துப் போட்டு, தலையணை வைத்து, தண்ணீர் பாட்டில், துணி, சின்ன வாளி எல்லாம் வைத்தாள். ஜன்னலுக்கு உள்ளறையின் பூப்போட்ட திரையைக் கொண்டுவந்து கட்டினாள். என் வண்டி பதினேழு வருடமாக சாக்பீஸ் தூள் தின்றது. அன்றைக்கு அது ஒரு வீடு மாதிரி இருந்தது.

சின்னப்பனைத் தூக்க நான் உள்ளே போனேன். அனிட்டா அவரிடம் குனிந்து, "நாம மூணு பேரு போறோம்ப்பா. நீ, நானு, கலை அண்ணன். உன் ரோட்டுல போறோம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். எதுவும் காட்டாத பார்வை. நான் கையைக் கொடுத்துத் தூக்கும்போது அவருடைய வலது கை ஜன்னல் விளிம்பைப் பற்றியது. வரமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் இழுத்ததும் விட்டுவிட்டார். எலும்பாக இருந்தார். கை மட்டும் மூடிக்கொண்டு இருந்தது.

அனிட்டா அவருக்கு பெல்ட் போட்டாள். அது எட்டவில்லை என்று ஒரு புடவைத் துண்டைச் சேர்த்துக் கட்டினாள்.

"இங்க யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"பெல்ட்டு போட்டாத்தாண்ணா ஆளு கணக்கு."

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைத் தண்ணீரை ஒட்டிப் போனோம். காற்று மாறியது. தூரத்தில் மலை நீலமாக, அடியில்லாமல், மேகத்தில் தொங்குகிறது போல் இருந்தது. நான் சாதாரணமாக வேகமாக ஓட்டுகிறவன். அன்றைக்கு நாற்பதைத் தாண்டவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அனிட்டா அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் திரையை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். மரங்கள் இரண்டு பேர் முகத்திலும் நிழலாக ஓடின. அவள் எந்த நாட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. அவர் தன் ரோட்டைத்தான் பார்த்தார்.

மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. காவலர் ஒருவர் நோட்டோடு வந்தார். வண்டி எண்ணை எழுதினார். ஜன்னலில் திரை தொங்குவதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"கரியாலூரு" என்றேன்.

"எத்தினி பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அனிட்டா கதவைத் தள்ளித் திறந்துகொண்டு கீழே இறங்கினாள். சாவடியில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்றன. கடுக்காய் மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மூணு பேருங்க. இது கலையரசன் அண்ணன். நா அனிட்டா. உள்ள இருக்கிறது எங்கப்பா சின்னப்பன். இந்த ரோட்ல இருவத்திரண்டு வருசம் பஸ் ஓட்டுனவரு. மூணு பேருன்னு எழுதிக்குங்க."

காவலர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு எண்ணைக் கேட்டவருக்கு ஒரு குடும்பமே பதிலாக வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்? மூன்று என்று எழுதினார். அப்போது வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம்.

"நா... லு."

ஏழெட்டு மாதமாக நான் கேட்காத குரல். அனிட்டா திரும்பினாள். சின்னப்பன் வலது கையை மெல்லத் தூக்கி விரல்களை விரித்தார். உள்ளங்கையில் ஒரு கூழாங்கல் இருந்தது. வேர்த்து ஈரமாக இருந்தது. வீட்டிலிருந்து அத்தனை தூரமும் அதை மூடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னாங்க இது, கல்லு?" என்றார் காவலர்.

ஜன்னல் விளிம்பை ஏன் பற்றினார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாம மூணு பேரு போறோம்ப்பா என்று மகள் சொன்னதும் அவர் கல்லை எடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கு யாரும் கல் எடுப்பதில்லை. தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்து எண்ணினால்தான் மூன்று வரும். மூன்று வந்தால்தான் கல் வேண்டும். அந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அவர் மகளை மன்னித்துவிட்டிருக்கிறார். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

அனிட்டா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே காவலரிடம் சொன்னாள்.

"எங்கப்பா சொல்றது சரிங்க. நாலு பேரு."

காவலர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற கும்பலில் வயதான ஒரு ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, "அட, நம்ம வெள்ளிமல டிரைவரு" என்றார். காவலர் மூன்று என்று போட்டதை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார். வண்டியில் வேறு ஆள் யாரும் ஒளிந்திருக்கிறானா என்று எட்டிப் பார்க்கவும் தவறவில்லை.

கல்லை வாங்கி ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தேன். அதற்கும் பெல்ட் போடச் சொல்வாளோ என்று பயந்தேன், சொல்லவில்லை. ஏறத் தொடங்கினோம். முதல் வளைவில் கண்ணாடியில் பார்த்தபோது போர்வைக்குள் அவருடைய வலது கால் அழுந்தியது. நானும் பிரேக்கை அழுத்தினேன். அவர் கால் விட்டதும் நானும் விட்டேன். அப்புறம் மேலே போகிற வரைக்கும் வண்டியை நான் ஓட்டியதாக எனக்கு நினைவில்லை. மேகம் ரோட்டில் இறங்கி வந்து கண்ணாடியைத் தொட்டது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இடங்களில் பின்னாலிருந்து அவர் 'ம்' என்றார். நான் ஆரன் அடித்தேன்.

கரியாலூரில் தைலம்மாளின் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தைலம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய வாடிக்கையாளரை அவள் மறக்கவில்லை.

"எத்தினி டீ போடட்டும்?" என்றாள்.

அனிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் வலது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். கல்லுக்கு டீ கிடையாது போலிருக்கிறது.

டீ வந்தது. அனிட்டா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள். சின்னப்பன் வாயைத் திறந்தார்.